ஒவ்வாமை அவசர ஊசியும் மூட்டுவாதக் கைகளும்

குளவி கொட்டினால் சுண்ணாம்பைக் குழைத்துத் தடவிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பதுதான் நம் வீடுகளில் வழக்கம். நூற்றுக்குப் பெரும்பாலோருக்கு அது போதும். சிலருக்குப் போதாது. கொட்டிய சில நிமிடங்களில் உள்ளங்கை அரிக்கும்; உடம்பெல்லாம் தடிப்பு எழும்பும்; உதடும் நாக்கும் வீங்கும்; குரல் கம்மும்; மூச்சு இழுக்கும். ஏதோ பெரிய கெடுதல் வரப் போகிறது என்று மனம் கலங்கும். பிறகு ரத்த அழுத்தம் சரிந்து ஆள் மயங்கி விழுவார். குளவி, தேனீ மட்டுமல்ல, வேர்க்கடலை, முந்திரி, இறால், பென்சிலின், வலி மாத்திரை என எதனாலும் இது வரலாம். மருத்துவர்கள் இதற்கு 'அனாஃபிலாக்ஸிஸ்' என்று பெயர் சொல்கிறார்கள்.

இதற்கு முதல் மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்புறத்தில், நடுப்பகுதியில், தசைக்குள் ஊசியாகப் போட வேண்டும். அவில் மாத்திரை, செட்ரிசின் எல்லாம் அரிப்பையும் தடிப்பையும் தணிக்கும். அடைபடும் தொண்டையையோ சரியும் ரத்த அழுத்தத்தையோ அவை தூக்கி நிறுத்தா. ஸ்டீராய்டு ஊசி வேலை செய்யப் பல மணி நேரம் ஆகும். ஆகவே "முதலில் அவில் கொடுத்துப் பார்ப்போம்" என்பது இந்த நேரத்துக்குப் பொருந்தாத யோசனை. நிமிடங்கள்தான் கணக்கு.

இந்தக் கட்டுரையை ஒரு டாக்டர் எழுதியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். நான் டிப்ளமோ படித்து, ரயில்வேயில் பாதையும் பாலங்களும் பார்த்து ஓய்வு பெற்றவன். பால கர்டர்களுக்கு அடியில் மலைத் தேனீ கூடு கட்டியிருந்தால் எவ்வளவு பெரிய மேஸ்திரியும் பின்வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். மருத்துவத்தில் அதற்கு மேல் எனக்கு அனுபவம் கிடையாது. ஆனால் ஸ்பிரிங், பூட்டு, விசை இவை நமக்குப் பழகிய சமாசாரங்கள். நான் சொல்லப் போவதும் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

என் மனைவிக்குப் பதினைந்து வருஷமாக ருமட்டாய்ட் ஆர்த்ரைடிஸ் என்கிற மூட்டுவாதம். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல்கள் மடங்கா. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் எதையும் அழுத்திப் பிடிக்க முடியாது. தயிர் டப்பா மூடியை நான்தான் திறந்து தர வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் கொல்லைப்புறத்தில் குளவி கொட்டி, நாகபுரியில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக் கொண்டு ஓடி, அட்ரினலின் போட்ட பிறகே பேச்சு வந்தது. "அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு வரும் வரை காத்திருக்கக் கூடாது, வீட்டிலேயே ஊசி இருக்க வேண்டும்" என்றார் டாக்டர். அந்த ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டிய கை, தயிர் டப்பா திறக்காத அதே கை.

மெல்போர்னில் இருக்கும் எங்கள் மகன் மூலமாக எபிபென் என்ற ஊசிப் பேனா வந்தது. நம் ஊர் மருந்துக் கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் பொருளாக இது இல்லை. 1945ஆம் வருஷத்து மருந்து விதிகளின்படி, டாக்டரின் சீட்டை வைத்து 12-ஏ படிவத்தில் விண்ணப்பித்து 12-பி அனுமதி பெற்றால் நோயாளி தம் சொந்த உபயோகத்துக்குச் சிறிய அளவில் தருவித்துக் கொள்ளலாம். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற குடும்பங்கள் நம்மில் அநேகம் என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

பேனாவின் பூர்வோத்திரம் சுவையானது. 1970களில் அமெரிக்க ராணுவத்துக்காக, விஷ வாயுத் தாக்குதலின்போது சிப்பாய் தன் தொடையில் தானே குத்திக் கொள்ள ஒரு ஸ்பிரிங் ஊசி செய்தார்கள். அதில் முக்கியப் பங்கு கொண்ட ஷெல்டன் கேப்லான் என்ற எஞ்சினீயரே அதை அட்ரினலினுக்கு மாற்றி அமைத்தார். 1987இல் எபிபென்னுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. போர்க்களத்தில், பதற்றத்தில், தடித்த கையுறையோடு இருப்பவனை மனதில் வைத்துப் பிறந்த கருவி இது. ஆகவே விரல் நுனிகளின் நுட்பத்தை அது கேட்பதில்லை. முஷ்டியாகப் பிடித்துத் தொடையில் அழுத்தினால் போதும். உள்ளே இறுகி நிற்கும் ஸ்பிரிங் விடுபட்டு, ஊசியை உள்ளே செலுத்தி, 0.3 மில்லிகிராம் மருந்தையும் தள்ளிவிடும். சிறு குழந்தைகளுக்கு 0.15 மில்லிகிராம் பேனா தனியாக உண்டு. பயிற்சிப் பேனாவைக் கையில் வாங்கிப் பார்த்த என் மனைவி, "என்னங்க, இது விரலைக் கேட்கல, முஷ்டியைத்தான் கேட்குது" என்றாள். பாதிக்கு மேல் உண்மை.

மீதிப் பாதிதான் சிக்கல். குத்துவதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு. பேனாவை அதன் பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். பிறகு மேல் முனையில் இருக்கும் நீல நிறப் பூட்டை நேராக மேல் நோக்கி இழுத்துக் கழற்ற வேண்டும். இந்த இரண்டும் இரண்டு கைகளும், பிடிக்கும் விரல்களும் உள்ளவர்களுக்காகச் செய்தவை. பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தவர், பார்க்கின்சன் நடுக்கம் உள்ளவர், தொழுநோயில் விரல் மடங்கிப் போனவர், விபத்தில் விரல் இழந்தவர், கட்டை விரல் அடிமூட்டு தேய்ந்த முதியவர், இவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். போதாததற்கு, ஒவ்வாமை தாக்கும்போது நல்ல கையே வீங்கி நடுங்கும்.

ஒற்றைக் கை உள்ளவர் இயல்பாக என்ன செய்வார்? பேனாவைப் பிடித்த அதே கையின் கட்டை விரலால் நீலப் பூட்டை நெம்பி விடுவார். சோடா பாட்டில் மூடியைத் தள்ளுகிற மாதிரி. செய்யவே கூடாதது அதுதான். 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்.டி.ஏ. இதைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பூட்டின் மேல் பக்கவாட்டில் விசை விழுந்தால் ஸ்பிரிங் முன்கூட்டியே விடுபட்டு, மருந்து காற்றில் போய்விடக் கூடும். ரயில் பிரேக்கில் குழாய் அறுந்தால் பிரேக் தானாகப் பிடித்து வண்டி நிற்கும். கோளாறு நேர்ந்தால் பாதுகாப்பான பக்கம் சாய வேண்டும் என்பது நாங்கள் படித்த பாடம். இந்தப் பேனாவில் கோளாறு நேர்ந்தால் மருந்து வீணாகும் பக்கம் சாய்கிறது. ஒரே தடவைதான் சுடும். மறுபடி ஏற்ற முடியாது.

அதே எச்சரிக்கையில், உறையிலிருந்து பேனாவை எடுப்பது சிலவற்றில் கடினமாக இருப்பதாகவும், பூட்டு சற்றுத் தூக்கிக் கொண்டிருந்தாலும் ஆபத்து என்றும் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் 2018இல், சரியாக ஒட்டாத லேபிள் உறைக்குள் மாட்டிக் கொள்வதாக வேறோர் அறிவிப்பும் வந்தது. எனவே பேனா கைக்கு வந்த அன்றே உறையின் மூடியைத் திறந்து, கவிழ்த்து, தானாக வழுக்கி வருகிறதா என்று பாருங்கள். நீலப் பூட்டு இடைவெளியின்றி உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மாட்டினால் கொடுத்த இடத்தில் மாற்றச் சொல்லுங்கள். பிடிமானத்துக்காகப் பேனா மேல் டேப், ரப்பர், துணி என்று எதையும் சுற்ற வேண்டாம். எனக்கும் முதலில் தோன்றிய யோசனை அதுதான். தடித்த பிடி வாதக் கைக்கு நல்லது என்பது பொதுவாகச் சரி. ஆனால் சுற்றிய பேனா உறைக்குள் சிக்கிக் கொள்ளும். பெயர்ச் சீட்டைக்கூட உறையின் மேல்தான் ஒட்ட வேண்டும்.

இனி, பூட்டைக் கழற்றும் வழி. இரண்டு கையும் இருந்து பிடி மட்டும் பலவீனமானால், வலுவுள்ள கையின் முஷ்டிக்குள் பேனாவை வைத்துக் கொண்டு, மற்ற கையின் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே, விரல்களின் அடிப்பகுதியில் பூட்டைச் செருகிக் கொள்ளலாம். பிறகு இழுப்பது விரல் அல்ல; முழங்கையும் தோளும். மூட்டுவாதம் பெரும்பாலும் தோளில் இவ்வளவு பலத்தையாவது விட்டு வைத்திருக்கும். ஒரே கை உள்ளவருக்கு எங்கள் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் காட்டிய வழி வேறு. உட்கார்ந்து கொண்டு இரண்டு முழங்கால்களுக்கும் இடையில் பேனாவின் நடு உடம்பை நெட்டுக்குத்தாக இடுக்கிக் கொள்வது. நீல முனை மேலே, ஆரஞ்சு முனை தரையைப் பார்த்து, எதன் மேலும் படாமல். நல்ல கையால் பூட்டை நேராக மேலே இழுத்த பிறகு அதே கையால் பேனாவை முஷ்டியாக எடுக்க வேண்டும். இதை ஊசியில்லாத பயிற்சிப் பேனாவில் பல தடவை செய்து, உங்கள் டாக்டரிடமும் காட்டிய பிறகே நிஜப் பேனாவுக்கு இந்த வழி என்று முடிவு செய்ய வேண்டும். எல்லார் முழங்காலும் ஒன்றல்ல. பல்லால் கடித்து இழுப்பது வேண்டாம். மூச்சுத் திணறும் நேரத்தில் பூட்டு தொண்டைக்குள் போகலாம். தலை திரும்பினால் பக்கவாட்டு விசையும் விழும்.

பூட்டு போன பிறகு கட்டை விரல் விஷயத்தில் கவனம் வேண்டும். பேனா என்றதும் மேல் முனையில் கட்டை விரலை வைத்து அழுத்தத் தோன்றும். முனைகளைத் தலைகீழாகப் பிடித்திருந்தால் ஊசி விரலுக்குள் போய்விடும். அட்ரினலின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிற மருந்து; விரல் வெளுத்து மரத்துப் போகும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும். அதைவிட, தொடைக்குப் போக வேண்டிய மருந்து போகவில்லை. எனவே கட்டை விரல் மற்ற விரல்களோடு பேனாவைச் சுற்றி மடங்கியே இருக்கட்டும். மடங்காத விரலானால் உடம்போடு ஒட்டி நீட்டியிருக்கட்டும். இரண்டு முனைக்கும் அப்பால் போகக் கூடாது.

ஓங்கிக் குத்த வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மணிக்கட்டு வலியுள்ளவரும் நடுக்கமுள்ளவரும் அதை நினைத்தே பயப்படுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் சொல்லித் தருவது வேறு முறை. ஆரஞ்சு முனையைத் தொடையில் முதலில் நிலையாக வைத்து, பிறகு 'க்ளிக்' என்ற சத்தம் வரும் வரை பலமாக அழுத்தி, 3 விநாடி அப்படியே பிடிப்பது. முன்பு 10 விநாடி என்றிருந்ததை இப்போது 3 ஆகக் குறைத்துவிட்டார்கள். வாதக் கைக்கு இது எவ்வளவோ மேல். ஒரு முஷ்டியின் மேல் இன்னொரு கையின் அடிப்பாகத்தை வைத்து, உடம்பைச் சற்று முன்னால் சாய்த்தால் உடம்பின் கனமே அழுத்திவிடும். ரயில் பெட்டியில் அபாயச் சங்கிலி வைத்ததன் தர்மமும் இதுதான். குழந்தையோ கிழவரோ, தொங்கினால் போதும்.

துணியைக் கழற்ற வேண்டியதில்லை. துணி வழியாகவே ஊசி போகும். புடவையில் கொசுவம் முன்புறம் இருப்பதால் தொடையின் வெளிப்பக்கம் வாகானதுதான். குவிந்த மடிப்பு இருந்தால் விலக்கிக் கொள்ளவும். ஆண்களுக்குப் பாண்ட் பாக்கெட்டில் இருக்கும் செல்போனும் சாவிக் கொத்தும் சரியாக அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். ஊசி போன பிறகு ஆரஞ்சு உறை நீண்டு ஊசியை மூடிக் கொள்ளும். பக்கத்து ஜன்னல் மறைந்துவிடும். பேனாவுக்குள் மருந்து நிறைய மிச்சமிருப்பது போலத் தெரிந்தால் கலவரப்பட வேண்டாம். உள்ளே இருப்பது 2 மில்லி; வெளியே போவது 0.3 மில்லிதான். அமைப்பே அப்படி.

வேறு கருவிகளும் உண்டு. ஐரோப்பாவில் புழங்கும் ஜெக்ஸ்ட் பேனாவில் மஞ்சள் மூடி, கறுப்பு முனை, 10 விநாடி பிடிக்க வேண்டும். ஒன்றில் பழகியவர் இன்னொன்றை வாங்கினால் திரும்பப் பழக வேண்டும். அமெரிக்காவில் விற்கும் ஆவி-க்யூ என்பது தட்டையான சிறு பெட்டி. உறையைக் கழற்றியதும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் குரலே சொல்லும். ஆனால் அதன் சிவப்புக் காப்பு வேண்டுமென்றே இறுக்கமாகச் செய்யப்பட்டது. பலமாக இழுத்தால்தான் வரும். 2024 ஆகஸ்டில் அங்கே நெஃபி என்ற மூக்குத் தெளிப்பு அனுமதி பெற்றது. ஊசியே இல்லாத அட்ரினலின். நல்ல காலம்தான், ஆனால் அதைக் கட்டை விரலால் மேல் நோக்கி அழுத்த வேண்டும். கட்டை விரல் அடிமூட்டு தேய்ந்தவர் அதையும் ஒரு முறை கையில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்படி ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு விரல் இடறுவது தவிர்க்க முடியாததா என்றால், இல்லை என்பதே என் அபிப்பிராயம். மனைவியின் வாதக் கைகளைப் பார்த்து சாம் ஃபார்பர் என்பவர் தடித்த ரப்பர் பிடி போட்ட காய் சீவி முதலியவற்றை 1990இல் ஆக்ஸோ என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். பிறகு அதே நிறுவனத்தாரோடு சேர்ந்து, மூட்டுவாத மருந்தான சிம்ஸியாவுக்கு வாதக் கைகள் பிடிக்கத் தக்க சிரிஞ்சு ஒன்றை வடிவமைத்தார்கள். காய் சீவிக்கும் மூட்டுவாத ஊசிக்கும் செய்த யோசனையை உயிர் காக்கும் ஊசியின் பூட்டுக்கும் செய்யலாமே!

பேனா கிடைக்காதவர்கள் நம் நாட்டில் பெரும்பான்மை. அட்ரினலின் ஆம்ப்யூல் இங்கே மலிவு. ஆம்ப்யூலும் சிரிஞ்சும் வீட்டில் வைத்துக் கொள்ளச் சில டாக்டர்கள் எழுதித் தருகிறார்கள். ஆனால் கண்ணாடிக் கழுத்தை ஒடித்து, மருந்தை உறிஞ்சி, அளவு பார்ப்பது வாதக் கையால் ஆகாத காரியம். நல்ல கைக்கும் சுலபமில்லை. கனடாவில் எஸ்டெல் சைமன்ஸ் என்ற டாக்டரின் குழு 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஆம்ப்யூலிலிருந்து குழந்தைக்கான அளவை எடுக்கப் பெற்றோருக்குச் சராசரி 142 விநாடி ஆயிற்று. அவசரப் பிரிவு நர்ஸுகளுக்கு 29. அதோடு, பெற்றோர் எடுத்த மருந்தின் அளவு ஒருவருக்கொருவர் 40 மடங்கு வரை வேறுபட்டது. ஓர் ஆம்ப்யூலில் 1 மில்லிகிராம் இருக்கிறது. பேனா தருவதைப் போல மூன்று பங்குக்கும் மேல். முழுவதையும் ஏற்றிவிடக் கூடாது.

ஆகவே இந்த நிலையில் இருப்பவர்கள், அளவை எடுத்து நிரப்பிய சிரிஞ்சாகத் தர முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தாய்லாந்தில் இப்படிச் செய்கிறார்கள். நிரப்பிய சிரிஞ்சு மூன்று மாதம் கெடாமல் இருந்ததாக அங்கே 2010இல் ஆய்வும் வெளிவந்திருக்கிறது. எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்றுவது, வெளிச்சம் படாமல் எப்படி வைப்பது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வீட்டில் இருக்கும் இன்சுலின் சிரிஞ்சை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அதன் அளவுக் கோடுகள் யூனிட் கணக்கு. ஊசியும் தொடைத் தசையை எட்டாத குட்டை ஊசி.

கை முடியாதவருக்கு எந்தக் கருவியானாலும் இரண்டாவது ஆள் ஒருவர் தேவை. பகலில் பெரும்பாலும் வீட்டில் தனியாக இருப்பவர் அவர்தான். எங்கள் குடியிருப்பில் பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மாள், பாத்திரம் தேய்க்க வருகிற பெண், கீழே காவல்காரர் ஆகிய மூவருக்கும் பயிற்சிப் பேனாவைக் கொடுத்துச் செய்யச் சொல்லியிருக்கிறோம். காவல்காரர்தான் முதல் தடவையே சரியாகச் செய்தார். பேனாவோடு ஓர் அட்டையும் வைத்திருக்கிறோம். அதில் தமிழ் இல்லை. ஹிந்தியிலும் மராத்தியிலும் நான்கு வரி: என்ன நோய், எந்த முனை தொடைக்கு, எந்த எண்ணுக்குப் போன் செய்வது, எந்த ஆஸ்பத்திரி. தமிழ்ப் பற்றுக்கு இடமில்லாத அட்டை அது.

ஊசி போட்டவுடன் 108 அல்லது 112க்குப் போன். நோயாளியைப் படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சு வாங்கினால் காலை நீட்டி உட்காரலாம். கொஞ்சம் தெளிந்ததும் எழுந்து நடக்க விடுவதுதான் ஆபத்து. ரத்த அழுத்தம் திடீரென்று விழும். 5 நிமிடத்தில் தேறவில்லை என்றால் இரண்டாவது ஊசி தேவைப்படலாம். அதனால்தான் இரண்டு பேனா வைத்துக் கொள்ளச் சொல்கிறார்கள். நன்றாகிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். சில மணி நேரம் கழித்து அது திரும்ப வருவதுண்டு. அடெனலால், மெட்டோப்ரலால் போன்ற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அட்ரினலின் சரியாக ஏறாமல் போகலாம். நம் வயதில் பாதிப் பேர் அதைச் சாப்பிடுகிறோம். டாக்டரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

பேனாவை 20 முதல் 25 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. மே மாதத்து நாகபுரியில் 45 டிகிரி. ஃப்ரிட்ஜில் வைப்பதும் தவறு. ஐஸ் இல்லாத காலி தெர்மாஸில், வீட்டின் குளிர்ந்த அறையில் வைக்கிறோம். நிறுத்திய காரில் விட்டுவிட்டுப் போவதில்லை. ரயிலில் போகும்போது பெர்த்துக்கு அடியில் தள்ளிய பெட்டியில் அல்ல, இடுப்புப் பையில். மாதம் ஒரு முறை ஜன்னல் வழியாகப் பார்த்து, மருந்து கலங்கியோ பழுப்பேறியோ இருந்தால் மாற்ற வேண்டும். காலாவதித் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறேன். காலாவதியான பேனாவைத் தூக்கி எறியாமல், ஓர் ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பார்த்தால் நிஜ ஸ்பிரிங்கின் உதைப்பு எப்படி என்று தெரியும். நாகபுரியில் ஆரஞ்சுக்கா பஞ்சம்!

பயிற்சிப் பேனா ஒன்று என்னிடம் இருக்கிறது. ஊசியும் மருந்தும் இல்லாதது. ஞாயிறு மாலை 5 மணிக்கு மேல் சங்க நூலகத்தில் இருப்பேன்; கை வலி உள்ளவர்கள் வந்து, பூட்டு தங்கள் கைக்கு வருகிறதா என்று இழுத்துப் பார்க்கலாம்.